யாங் மாட்யூல்களைத் தேடிப் பிடிக்க: ஒரே மரமா, ஃபோல்டரா, டேக்கா?

யாங் என்பது நெட்வொர்க் சாதனத்தின் கான்ஃபிக் எந்த வடிவில் இருக்கும் என்று விவரிக்கும் மொழி; அதில் எழுதிய ஒவ்வொரு கோப்பும் ஒரு மாட்யூல், அதன் அமைப்பு கிளை பிரியும் மரம். ரவுட்டரில் ஓஎஸ்பிஎஃப்புக்கு (ரவுட்டர்கள் பாதைத் தகவலைப் பரிமாறும் ஒரு ப்ரோட்டோகால்) ஆத்தென்டிகேஷன் போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப்பின் மாடல்படி ஓஎஸ்பிஎஃப் இருப்பது ரவுட்டிங் மரத்துக்குள்ளே, கண்ட்ரோல்-ப்ளேன்-ப்ரோட்டோகால்ஸ் கிளையின் அடியில் (ஐஇடிஎஃப்பின் ஆவணம் ஆர்எஃப்சி 9129). அது ஓடுகிற இன்டர்ஃபேஸின் ஐபி முகவரி வேறொரு மரத்தில். பாஸ்வேர்டு இருக்கும் கீ-செயின் இன்னும் தள்ளி, தனக்கென்று ஒரு மரமாக நிற்கிறது (ஆர்எஃப்சி 8177). ஓஎஸ்பிஎஃப் பக்கத்தில் அந்தச் செயினின் பெயர் மட்டும்தான் இருக்கும். அனுபவம் உள்ளவருக்கு இது பழகிப்போன விஷயம், ஆனால் புதிதாக வருபவர் இந்த மூன்றும் ஒரே வேலையைச் சேர்ந்தவை என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்?

முதல் பதில், எல்லாவற்றையும் ஒரே மரத்தில் அடுக்குவது. நெட்வொர்க் இயக்குபவர்கள் சேர்ந்து எழுதும் மாடல் தொகுப்பான ஓப்பன்கான்ஃபிக் ஓரளவு இப்படித்தான் போகிறது: ரவுட்டிங் ப்ரோட்டோகால்கள் எல்லாம் நெட்வொர்க்-இன்ஸ்டன்சுக்குள் வரும், எந்த விஆர்எஃப்பில் (ஒரே ரவுட்டருக்குள் தனியாக ஓடும் ரவுட்டிங் பிரிவு) எது ஓடுகிறது என்பது பாதையைப் படித்தாலே புரிந்துவிடும். எழுதுவதற்கு இது உண்மையிலேயே வசதி. ஐஇடிஎஃப்பிலும் சாதனம் முழுவதற்கும் ஒரே வேர் வைக்கலாம் என்ற யோசனை வந்து, பிறகு கைவிடப்பட்டது. எனக்கு அந்த முடிவு சரியாகத்தான் படுகிறது. யாங்கில் ஒரு மாட்யூல் இன்னொன்றை ஆக்மென்ட் செய்யும்போது (அதன் மரத்தில் புதிய கிளை சேர்க்கும்போது) வேரிலிருந்து முழுப் பாதையையும் எழுத வேண்டும், அதனால் ஒரு கிளையை இடம் மாற்றினால் அதன்மேல் ஒட்டியிருக்கும் அத்தனை மாட்யூல்களும், அவற்றை நம்பி எழுதிய ஸ்கிரிப்டுகளும் உடையும். அதைவிடப் பெரிய சிக்கல், மரத்தில் ஒரு பொருளுக்கு ஒரு இடம்தான். கீ-செயினை ஓஎஸ்பிஎஃப்புக்குக் கீழே வைத்தால், அதையே பயன்படுத்தும் இன்னொரு ரவுட்டிங் ப்ரோட்டோகாலான ஐஎஸ்-ஐஎஸ் எங்கே போவது?

இரண்டாவது, பெயரையும் ஃபோல்டரையும் நம்புவது. பலரும் எழுதிய யாங் கோப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் யாங்மாடல்ஸ் கிட்ஹப் களஞ்சியத்தைத் திறந்தால் ஸ்டாண்டர்டு, வெண்டர், எக்ஸ்பெரிமென்டல் என்று ஃபோல்டர்கள் இருக்கும். யார் எழுதினார்கள் என்பது தெரிகிறது, எதைப் பற்றியது என்பது தெரியவில்லை. வெண்டர் பக்கம் போனால் ஒரே மாட்யூல் ஒவ்வொரு ரிலீசுக்கும் ஒரு பிரதியாக வரிசை கட்டி நிற்கும். சரி, மாட்யூலுக்குள் இருக்கும், பிற மாட்யூல்களை அழைக்கும் இம்போர்ட் வரிகளைப் பிடித்துக்கொண்டு போனால்? யாங் கோப்புகளைப் படித்துச் சரிபார்க்கும் பைஆங் கருவி அதைச் செய்து தரும், ஓஎஸ்பிஎஃப்பிலிருந்து கீ-செயினுக்கும் வந்து சேரலாம். ஆனால் கூடவே யாங்-டைப்ஸ், ஐநெட்-டைப்ஸ் என்று எல்லோரும் இம்போர்ட் செய்கிற பொது மாட்யூல்களும் வந்து குவியும். எதிர்த் திசையிலும் போக முடியாது: ஓஎஸ்பிஎஃப்பை நீட்டிக்கும் மாட்யூல் எது என்று ஓஎஸ்பிஎஃப் கோப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது, மொத்தக் குவியலையும் அலச வேண்டும்.

மூன்றாவது டேக், என் ஓட்டு இதற்குத்தான். 2021-இல் வந்த ஆர்எஃப்சி 8819, மாட்யூலின் மேலே லேபிள் ஒட்டுவதற்கு ஒரு வழியைத் தந்தது. ஐஇடிஎஃப், வெண்டர், யூசர் என்று மூன்று முன்னொட்டுகள். மாட்யூலை எழுதியவரே டேக்கை உள்ளே வைக்கலாம், சாதனத்தைச் செய்தவர் சேர்க்கலாம், இயக்குகிற நாமும் சேர்க்கலாம். அவர்கள் ஒட்டியதில் ஒன்று நமக்குப் பொருந்தவில்லையா, மாஸ்க்டு-டேக் பட்டியலில் அதைப் போட்டால் மறைந்துவிடும், மாட்யூல் கோப்பைத் தொடவே வேண்டாம். மேலே சொன்ன உதாரணத்துக்கே வருவோம்: ஓஎஸ்பிஎஃப், ஐபி, கீ-செயின் மூன்றுக்கும் 'யூசர்:ஓஎஸ்பிஎஃப்-வேலை' என்று ஒரே டேக் போதும். கீ-செயினுக்கு ஐஎஸ்-ஐஎஸ்ஸுக்கான டேக்கையும் சேர்த்தே ஒட்டலாம், மரத்தில் நடக்காத காரியம் இங்கே நடக்கிறது. அப்புறம் எந்தப் பாதையும் மாறுவதில்லை, நேற்று ஓடிய ஸ்கிரிப்ட் இன்றும் ஓடும்.

குறை இல்லாமல் இல்லை. டேக் என்பது வெறும் எழுத்துச் சரம்தான். ஒருவர் சிறிய எழுத்திலும் இன்னொருவர் பெரிய எழுத்திலும் எழுதினால் அவை இரண்டு வேறு டேக்குகள், தேடலில் பாதி காணாமல் போகும். குழுவுக்குள் சொற்பட்டியல் ஒன்றை முதலிலேயே எழுதி வைக்காவிட்டால் ஆறு மாதத்தில் ஃபோல்டரைவிட மோசமாகிவிடும், இதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன்.

இதையெல்லாம் யாங் லைப்ரரியோடு (ஆர்எஃப்சி 8525) குழப்பிக்கொள்ளக் கூடாது. அது சாதனத்தில் எந்த மாட்யூல், எந்த ரிவிஷன், எந்த ஃபீச்சர், எந்த டீவியேஷன் (சாதனம் மாடலிலிருந்து விலகும் இடம்) என்று உள்ளதை உள்ளபடி சொல்லும். பொருள்வாரியாகப் பிரித்துத் தராது, ஆனால் அது இல்லாமல் மற்ற எதுவும் நிற்காது.

ஆகவே, எழுத எந்த மரம் என்பதைச் சாதனம் எதை ஆதரிக்கிறதோ அதற்கே விட்டுவிடுங்கள், தேடுவதற்கு டேக் வையுங்கள். சாதனத்தில் ஐஇடிஎஃப்-மாட்யூல்-டேக்ஸ் (ஆர்எஃப்சி 8819 தரும் மாட்யூல்) இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம்: கான்ஃபிக் இருக்கும் அதே கிட் களஞ்சியத்தில் மாட்யூல் பெயரும் டேக்குகளும் கொண்ட சின்ன கோப்பு ஒன்றை வைத்து, யாங் லைப்ரரியின் கன்டென்ட்-ஐடி (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் அடையாளம்) மாறும்போதெல்லாம் புதிதாக வந்த மாட்யூல்களில் டேக் இல்லாதவற்றை மட்டும் பட்டியல் எடுத்துக் காட்டும்படி ஒரு ஸ்கிரிப்டிடம் சொல்லுங்கள்.