போர் முடிவுகளை எதை வைத்து எடைபோடுவது: விளைவா, அன்றைய தகவலா, செய்த விசாரிப்பா?

ஒரு நாடு போருக்குப் போனது சரியா என்று பிற்காலத்தில் வாதாடுபவர்கள் மூன்று அளவுகோல்களைக் கையில் எடுக்கிறார்கள். கடைசியில் என்ன ஆனது? முடிவெடுத்த அன்று என்ன தெரிந்திருந்தது? தெரிந்ததாக நம்பியதை எவ்வளவு சோதித்தார்கள்? ஒரே வாதத்துக்குள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதால்தான் பாதிச் சண்டை வருகிறது.

விளைவு

உயிரிழந்தவர்களின் குடும்பங்களிடம் போய் இதை ஒதுக்கிவிடச் சொல்ல முடியாது. ஆனால் புத்திசாலித்தனத்தையும் அதிர்ஷ்டத்தையும் இந்த அளவுகோலால் பிரிக்க முடியாது. 1962 அக்டோபரில், சோவியத் ஏவுகணைகள் வந்திறங்கிய கியூபா மீது அமெரிக்கத் தளபதிகள் வான்தாக்குதல் கேட்டார்கள். அதிபர் கென்னடி கடல் முற்றுகையைத் தேர்ந்தெடுத்தார். தீவில் சோவியத் வீரர்கள் 10,000 பேர் அளவில் இருப்பார்கள் என்பது அன்றைய உளவுக் கணக்கு. உண்மையில் 40,000-க்கும் மேல் இருந்தார்கள். போர்க்களத்தில் பயன்படுத்தும் சிறு அணு ஆயுதங்களும் அங்கே வந்து இறங்கியிருந்தன. அது பகிரங்கமானது 1992-இல்தான். கென்னடி நிதானம் காட்டியது அவருக்கே தெரியாத காரணத்தால் இன்னும் சரியாகிப்போனது.

அந்த முற்றுகையும் ஆபத்தில்லாதது அல்ல. அக்டோபர் 27 அன்று அமெரிக்கக் கப்பல்கள் எச்சரிக்கைக் குண்டுகள் வீசி மேலே வரவைக்க முயன்ற சோவியத்தின் பி-59 நீர்மூழ்கியில் ஓர் அணு டார்பிடோ இருந்தது. அதை ஏவத் தயாரான கேப்டனை, கப்பலில் இருந்த மூத்த அதிகாரி வசிலி அர்கிப்போவ் தடுத்ததாக உடனிருந்த அதிகாரி ஒருவர் பின்னாளில் சொன்னார். தடுக்காமல் போயிருந்தால், அதே முற்றுகையை இன்று பைத்தியக்காரத்தனம் என்று சொல்லியிருப்போம்.

‘இது அப்போதே தெரிந்திருக்க வேண்டாமா?’ என்ற எண்ணமும் நம்பத்தக்கதல்ல. உளவியலாளர் பாரூக் ஃபிஷ்ஹாஃப் 1975-இல் வெளியிட்ட ஆய்வில், 1814-இல் தொடங்கிய ஆங்கிலேய–கூர்க்கா போரைப் பற்றிய ஒரே குறிப்பைப் பல குழுக்களுக்குக் கொடுத்து, ஒவ்வொரு குழுவிடமும் வெவ்வேறு முடிவைச் சொன்னார். தங்களிடம் சொல்லப்பட்ட முடிவுக்கே அதிக வாய்ப்பு இருந்ததாக ஒவ்வொரு குழுவும் கணித்தது. முடிவு தெரியாதவர்போல் பதில் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டும் சாய்வு போகவில்லை. வேறு முடிவு வந்திருக்கக்கூடிய காரணங்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் கொஞ்சம் குறையும்.

அன்றைய தகவல்

சட்டம் சாய்வது இந்தப் பக்கம். 1944-இல் வடக்கு நார்வேயின் ஃபின்மார்க் பகுதியை எரித்துத் தரைமட்டமாக்கிய ஜெர்மன் தளபதி லோதர் ரெண்டூலிக், சோவியத் படை துரத்தி வருவதாக நம்பினார். அது பெரும்படையாகத் துரத்தி வரவில்லை. 1948-இல் நியூரம்பெர்க் நீதிமன்றம், அன்று அவருக்குத் தெரிந்த நிலவரத்தை வைத்தே பார்க்க வேண்டும் என்று கூறி, அந்தக் குற்றச்சாட்டில் மட்டும் அவரை விடுவித்தது. வேறு குற்றங்களுக்கு 20 ஆண்டு சிறை.

ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் இடத்தில் இந்தக் கவனம் நியாயம். நாட்டையே போருக்கு அனுப்பியவரிடம் இதைக் காட்டினால், கேட்க விரும்பாத தகவலைக் கேட்காமலிருப்பதே அவருக்குக் கேடயமாகிவிடும். 1964 ஆகஸ்ட் 4 அன்று வியட்நாமை ஒட்டிய டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் மீது வட வியட்நாம் நடத்தியதாகச் சொன்ன இரண்டாம் தாக்குதல் நடக்கவே இல்லை. களத்திலிருந்த கேப்டன் ஹெரிக், ராடார், சோனார் பதிவுகளில் சந்தேகம் இருக்கிறது, முழுமையாக ஆராயாமல் அடுத்த நடவடிக்கை வேண்டாம் என்று சில மணி நேரத்திலேயே தகவல் அனுப்பியிருந்தார். அமெரிக்காவின் பதிலடிக் குண்டுவீச்சு நிற்கவில்லை. ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்க செனட் 88–2 என்ற வாக்குகளில் அதிபருக்குப் போர் அதிகாரம் கொடுத்தது.

செய்த விசாரிப்பு

மூன்றில் இதுவே எங்கள் தேர்வு. இதில் பார்க்க வேண்டியவை: முடிவின் தேதி, அந்தத் தேதிக்கு முந்தைய கோப்புகள், அவற்றில் பதிவான மாற்றுக் கருத்து, அதற்குக் கிடைத்த பதில்.

இராக் விஷயத்தில் இது நன்றாக வேலை செய்கிறது. இராக் வாங்க முயன்ற அலுமினியக் குழாய்கள் அணு ஆயுதத்துக்காக யுரேனியம் செறிவூட்டத்தான் என்றது 2002 அக்டோபரில் வந்த அமெரிக்க உளவு மதிப்பீடு. சென்ட்ரிஃப்யூஜ் (யுரேனியம் செறிவூட்டும் சுழல் இயந்திரம்) தெரிந்த அமெரிக்க எரிசக்தித் துறை வல்லுநர்கள் மறுத்தார்கள்: 81 மில்லிமீட்டர் விட்டம் இராக்கின் சாதாரண ராக்கெட்டுக்குப் பொருந்துகிறது. வெளியுறவுத் துறையின் உளவுப் பிரிவும் மறுத்தது. அந்த மறுப்பு மதிப்பீட்டிலேயே அச்சாகியிருந்தது. நைஜர் நாட்டிலிருந்து இராக் யுரேனியம் வாங்க முயன்றதாகக் காட்டிய ஆவணங்கள் போலி என்று 2003 மார்ச் 7 அன்று சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் எல்பரதேய் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் சொன்னார். படையெடுப்பு மார்ச் 20. ‘எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள்’ என்ற சமாதானம் இங்கே எடுபடாது. அமைதி வழிகள் தீருமுன்பே போருக்குப் போனார்கள் என்று இராக் போரில் பிரிட்டனின் பங்கை ஆராய்ந்த சில்காட் விசாரணை சொன்னதும் பேரழிவு ஆயுதம் கிடைக்காததை மட்டும் வைத்தல்ல.

குறைகளும் உண்டு. கோப்பு வெளிவரும்வரை காத்திருக்க வேண்டும்; சில்காட் அறிக்கைக்கே 2009 முதல் 2016 வரை ஆனது. எழுத்தில் வைக்காமல் பேசி முடித்துக்கொள்பவர்கள் தப்பிவிடுவார்கள். எல்லாவற்றையும் விட, பிழையே இல்லாத உளவுடன் நடத்திய ஆக்கிரமிப்பும் ஆக்கிரமிப்புதான். போருக்கான காரணம் நியாயமா என்பதைத் தனியாக, முதலில் கேட்டாக வேண்டும்.

போருக்குப் போகாததையும் இதே அளவுகோலில் வைக்கலாம், தேதிகளைக் குழப்பாமல். ருவாண்டாவில் ஆயுதக் கிடங்குகளும் கொலைத் திட்டமும் பற்றி அங்கிருந்த ஐ.நா. அமைதிப்படையின் தளபதி டாலேர் 1994 ஜனவரி 11 அன்று ஐ.நா. தலைமையகத்துக்கு எழுதினார், கிடங்குகளைச் சோதனையிட அனுமதி மறுக்கப்பட்டது. அதற்குக்கூட, ஒரே ஒற்றரின் பேச்சு என்று வாதாட இடமிருக்கிறது. கொலைகள் தொடங்கி இரண்டு வாரமான ஏப்ரல் 21 அன்று பாதுகாப்புச் சபை அமைதிப்படையை 270 பேராகக் குறைத்ததற்கு அந்த வாதமும் இல்லை.