ஃபிளின்ட் குடிநீர்: ஒப்பிட்டுப் பார்க்காமல் விட்ட ஒரு வழி

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளின்ட் நகராட்சி கடனில் முங்கியதும், அதன் வரவு செலவு மாநில அரசு நியமித்த அவசரகால நிர்வாகியின் கைக்குப் போனது. செலவைக் குறைக்கத் தொட்ட இடங்களில் ஒன்று, சுமார் ஒரு லட்சம் பேர் குடிக்கும் தண்ணீர். ஹூரான் ஏரியிலிருந்து புதுக் குழாய்த் திட்டம் முடியும்வரை சமாளிக்க மூன்று வழிகள் இருந்தன. பேச்சில் அடிபட்டவை இரண்டுதான்.

பக்கத்துப் பெருநகரமான டெட்ராய்ட்டிடம் தொடர்ந்து வாங்குவது: 1967 முதல் நடந்துவந்த ஏற்பாடு இது. விலை கூடுதல்தான். ஆனால் ஏரித் தண்ணீரில் ஆர்த்தோபாஸ்பேட் சேர்த்தே அனுப்பினார்கள். அது ஈயக் குழாயின் உட்சுவரில் மெல்லிய படலமாகப் படிந்து, ஈயம் தண்ணீரில் கரையாமல் தடுக்கும். அந்தப் பாதுகாப்பும் சேர்ந்ததுதான் அந்த விலை.

பாஸ்பேட் சேர்க்காமல் ஆற்று நீர்: இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். 2014 ஏப்ரல் 25 அன்று ஃபிளின்ட் ஆற்றுக்கு மாறினார்கள். இரண்டு ஆண்டுகளில் மிச்சமாகும் என்று எதிர்பார்த்தது சுமார் 50 லட்சம் டாலர்.

ஆற்று நீரில் குளோரைடு ஏரி நீரைவிடப் பல மடங்கு அதிகம். கலங்கலைப் படியவைக்கப் போட்ட ஃபெரிக் குளோரைடு அதை இன்னும் ஏற்றியது. குழாய்களின் பழைய படலம் கரைந்தது. இரும்புக் குழாய் அரிக்க அரிக்க, கிருமி கொல்லப் போட்ட குளோரினை அந்த இரும்பே தின்றுவிடுகிறது. அந்தக் கோடையில் தண்ணீரில் கோலிஃபார்ம் கிருமிகள் தென்பட, கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னார்கள். குளோரினைக் கூட்டியதும், அது தண்ணீரிலுள்ள கரிமப் பொருளோடு சேர்ந்து உண்டாகும் ட்ரைஹாலோமீத்தேன் என்ற தீங்கான வேதிப்பொருள் வரம்பைத் தாண்டியது. ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்று கெட்ட கதை. தண்ணீரில் வளரும் கிருமியால் வரும் ஒருவகை நிமோனியாவான லெஜியோனேர்ஸ் நோய் குறைந்தது 12 பேரைக் கொன்றது.

2014 அக்டோபரிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின் ஆலை, உதிரிபாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று வேறு இடத்துத் தண்ணீருக்கு மாறிவிட்டது. நகராட்சிக்கு ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் டாலர் வருவாய் போனது. இரும்பை அரிக்கும் தண்ணீர் வீட்டு ஈயக் குழாயை மட்டும் விட்டுவைக்குமா? அன்றே நிறுத்தியிருக்க வேண்டும். 2015 மார்ச்சில் நகர மன்றம் 7க்கு 1 என வாக்களித்து டெட்ராய்ட் தண்ணீரைத் திரும்பக் கேட்டது. கட்டுப்படியாகாது என்று அவசரகால நிர்வாகி மறுத்துவிட்டார்.

பாஸ்பேட் சேர்த்து ஆற்று நீர்: நியாயமாக முதலில் அலசியிருக்க வேண்டியது இது. பாஸ்பேட்டுக்கு நாளொன்றுக்கு நூறு டாலர் அளவில் ஆகியிருக்கும் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. இரண்டு ஆண்டுக்கு 73,000 டாலர். எதிர்பார்த்த மிச்சத்தில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. ஆற்றின் மற்றக் கோளாறுகள் எல்லாம் இதனால் தீர்ந்திருக்காது. ஆனால் ஈயம் இந்த அளவுக்குக் கரைந்திருக்காது. 50,000 பேருக்கு மேல் குடிக்கும் அமைப்புகளில் அரிப்புத் தடுப்பு வேண்டும் என்று 1991இன் கூட்டாட்சி விதியே சொல்கிறது. மாநில அதிகாரிகளோ, ஆறு ஆறு மாதமாக இரண்டு சுற்றுச் சோதனை முடியட்டும் என்று விதியைத் தவறாகப் படித்தார்கள். அந்தச் சோதனைக் காலம் முழுவதும் மக்கள் அதே தண்ணீரைத்தான் குடித்தார்கள்.

மிச்சமும் செலவும் ஒரே ஏட்டில் வரவில்லை என்பதே இதில் கவனிக்க வேண்டியது. 2015 அக்டோபரில் டெட்ராய்ட்டுக்குத் திரும்பவே 1.2 கோடி டாலர் ஆனது: மாநிலம் 60 லட்சம், மாட் அறக்கட்டளை 40 லட்சம், நகராட்சி 20 லட்சம். பின்னர் வந்த இழப்பீட்டு உடன்பாடு 62.6 கோடி டாலர். அதில் 60 கோடி மாநில அரசின் தலையில். திரும்பியதும் தண்ணீர் சரியாகிவிடவும் இல்லை. 2016இன் முதல் பாதியில்கூட ஈயம் 20 பிபிபி (நூறு கோடிப் பங்கில் 20 பங்கு), நடவடிக்கை எடுத்தே ஆகவேண்டிய வரம்போ 15. அழிந்த படலம் மறுபடி படிய மாதக்கணக்காகும். வீட்டு இணைப்புகளில் ஏறத்தாழ 11,000 ஈயக் குழாய்களைத் தோண்டி மாற்றும் வேலை 2025 ஜூலையில்தான் முடிந்தது. குழந்தைகளின் உடலில் சேர்ந்த ஈயத்துக்கு இப்படித் தோண்டி மாற்றும் வழி கிடையாது.