காசு கொடுத்து வாங்கும் சான்றிதழா, லெட்ஸ் என்கிரிப்டா?

எங்கள் வலைத்தளத்துக்கு ஆண்டுதோறும் பணம் கட்டி வாங்கிவந்த எஸ்எஸ்எல் சான்றிதழை (தளம் உண்மையானது என்று உலாவிக்குக் காட்டி, இடையில் போகும் தகவலை மறையாக்க உதவுவது) விட்டுவிட்டு, அதை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்கிரிப்டுக்கு மாறிவிட்டோம். மாறலாமா என்று யோசிப்பவர்களுக்காக இது.

பாதுகாப்பின் வலிமையில் வேறுபாடு இல்லை. டிஜிசெர்ட், செக்டிகோ, குளோபல்சைன் என எந்த விற்பனை நிறுவனத்திடம் வாங்கினாலும் மறையாக்கம் ஒன்றுதான். முகவரிப் பட்டையில் நிறுவனத்தின் பெயரைக் காட்டிய ஈவி சான்றிதழின் தனிச்சிறப்பையும் குரோமும் ஃபயர்பாக்ஸும் 2019-இல் அங்கிருந்து எடுத்துவிட்டன. விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம்; ஒன்று இலவசம்.

முடிவு செய்யவேண்டிய இடம் புதுப்பித்தல். கையால் செய்வதென்றால் சிஎஸ்ஆர் எனும் சான்றிதழ் விண்ணப்பக் கோப்பை உருவாக்கி அனுப்பவேண்டும், டொமைன் நம்முடையது என்று நிரூபிக்கவேண்டும், வந்த கோப்புகளில் நம் சான்றிதழுக்குக் கீழே இடைநிலைச் சான்றிதழை (நம் சான்றிதழை உலாவி நம்பும் மூலச் சான்றிதழோடு இணைப்பது) ஒட்டி சர்வரில் ஏற்றவேண்டும். இடைநிலைச் சான்றிதழ் விட்டுப்போனால் கணினியில் தளம் பெரும்பாலும் ஒழுங்காகவே திறக்கும். சில போன் உலாவிகளிலும் செயலிகளிலும்தான் எச்சரிக்கையோ பிழையோ வரும். கணினியில் மட்டும் சோதித்தவருக்கு அது தெரியவே தெரியாது.

ஆண்டுக்கு ஒருமுறை என்றால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் சான்றிதழ் தரும் நிறுவனங்களும் உலாவி நிறுவனங்களும் சேர்ந்த சிஏ/பிரவுசர் மன்றம் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, ஒரு சான்றிதழ் செல்லுபடியாகும் காலத்துக்கு 398 நாளாக இருந்த உச்சவரம்பு 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். காசு கொடுத்தவருக்கும் விலக்கு இல்லை. மூன்றாண்டுத் திட்டம் என்று விற்றாலும், சான்றிதழை இடையிடையே மாற்றிக்கொண்டேதான் இருக்கவேண்டும்.

லெட்ஸ் என்கிரிப்ட் 2015-இல் வந்தபோதே 90 நாள் சான்றிதழோடுதான் வந்தது. மனிதர் கை படாமல் புதுப்பிப்பதை நம்பியே அதைக் கட்டினார்கள். சான்றிதழை வாங்கிப் புதுப்பிக்கும் செர்ட்பாட் என்ற நிரலை ஒருமுறை நிறுவிவிட்டால் காலாவதிக்கு முன்பே அது புதுப்பித்துவிடும். இரண்டு விஷயங்களை மட்டும் கவனியுங்கள். புதிய கோப்பு வந்தாலும், என்ஜின்எக்ஸ் போன்ற வலை சர்வர் மென்பொருள், தன் அமைப்பை மறுபடி ஏற்றும் (reload) கட்டளை தரும்வரை பழையதையே காட்டும். அந்தக் கட்டளையையும் செர்ட்பாட்டிடமே ஒப்படைத்துவிடுங்கள். காலாவதி நினைவூட்டல் மின்னஞ்சலை லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. எனவே தேதியைக் கண்காணிக்கத் தனி ஏற்பாடு கட்டாயம் வேண்டும். எல்லாத் துணை டொமைன்களுக்கும் சேர்த்து ஒரே சான்றிதழ் வேண்டுமென்றால், டிஎன்எஸ் பதிவை (டொமைன் பெயர் எந்த சர்வரைக் காட்டுகிறது போன்ற விவரங்கள்) நிரல் வழியே மாற்ற வசதி தரும் நிறுவனத்திடம் டொமைன் இருப்பது நல்லது. இல்லாவிட்டால் மறுபடி கைவேலைதான்.

நிறுவனத்தின் பெயரைச் சரிபார்த்துத் தரும் ஓவி சான்றிதழ் லெட்ஸ் என்கிரிப்டில் கிடையாது. ஒப்பந்தத்திலோ தணிக்கையிலோ அதைக் கேட்டால் வாங்கித்தான் ஆகவேண்டும். அந்தப் பக்கம் எனக்கு அனுபவம் குறைவு. தொலைபேசி உதவி, ரசீது, பொறுப்பேற்பு ஆகியவை பெரிய நிறுவனங்களுக்கு எவ்வளவு தேவை என்பதை அங்கே வேலை செய்பவர்கள்தான் சொல்லவேண்டும். ஆனால் வாங்குவதற்கு முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: தானியங்கிப் புதுப்பித்தலுக்கு செர்ட்பாட் பயன்படுத்தும் அதே ஆக்மி நெறிமுறை நீங்கள் எடுக்கும் திட்டத்துக்குள் அடங்குமா, அதற்குத் தனிக் கட்டணமா?