கல் கோடாரி தேய்க்கும் ஒருநாள் வகுப்பு: போகலாம், ஆனால் கல்லை மாற்றச் சொல்லுங்கள்

அழகர்கோவில் ரோட்டுப் பக்கம் ஒரு தோப்பில், ஞாயிற்றுக்கிழமை. ஆளுக்கு 600 ரூபாய், மதியம் தயிர்சாதமும் மோர்மிளகாயும் அதிலேயே சேர்த்தி. புதிய கற்காலத்து விவசாயிகள் செய்த மாதிரியே கல்லை உடைத்து, கொத்தி உருவாக்கி, அப்புறம் மணலும் தண்ணீரும் விட்டு ஒரு பெரிய கல்மேல் அம்மி அரைப்பதுபோலத் தேய்க்க வேண்டும். மூன்று மணி நேரம் தேய்த்தேன், கட்டைவிரல் அகலத்துக்குத்தான் வழவழப்பு வந்தது, தோள்பட்டை கழன்றுவிட்டது.

குறை என்றால் கல்தான். மேலூர் பக்கத்துக் குவாரிக் கழிவு கிரானைட்டைக் கொடுத்துவிட்டார்கள். பருமணிக் கல், விளிம்பு மெலிய மெலிய மணி மணியாக உதிர்கிறது. பெல்லாரி பக்கம் சங்கனகல்லுவில் சுமார் 3500 ஆண்டுகளுக்கு முன் கோடாரியை மொத்தமாகச் செய்தவர்கள் சும்மாவா டோலரைட் என்கிற கருநிறப் பாறையைத் தேடி மலையேறினார்கள்? அது நெருக்கமான மணி, கூர் நிற்கும், மழுங்கினால் திரும்பத் தேய்த்துக்கொள்ளலாம்.

சொல்லிக்கொடுத்த தம்பி மட்டும் தங்கம். சேர்வராயன் மலையில் இந்தப் பழைய கோடாரிகளைக் கோயிலில் வைத்துக் கும்பிடுகிற கதையை அவர் சொன்னபோது யாரும் போனைத் தொடவில்லை. பிடி போட்டுக் கொடுத்தது மோசம், முருங்கைக்கிளையில் இரண்டு போடு போட்டதும் தலை தனியாகப் பறந்தது. தொப்பி எடுத்துப் போங்கள், நிழல் பத்தாது.