மருதானை நானாவும் என் ஸ்டூடியோவின் இரண்டு ‘டிக்’குகளும்

கொழும்பு மருதானையில் ஒலிக்கருவிகள் திருத்தும் நானாவின் கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. அவர் தொலைபேசியை எடுக்க மாட்டார். மாடிப்படி ஒடுங்கல், நிறுத்த இடமும் கிடையாது. அடுத்த முறையும் நான் அங்கேதான் போவேன்.

வெள்ளவத்தையில் வீட்டின் பின்னறைதான் என் ஸ்டூடியோ. பக்திப் பாடல், கலியாண நாதஸ்வரம், எப்போதாவது ஒரு விளம்பரம். மூலையில் இன்னும் ஓர் அலேசிஸ் ஏடாட் இருக்கிறது. 1992இல் சந்தைக்கு வந்த இயந்திரம். எஸ்-விஎச்எஸ் வீடியோ கசெட்டில் எட்டு டிராக் டிஜிட்டலாகப் பதியும். 120 நிமிடக் கசெட்டில் 40 நிமிடம்தான் கிடைக்கும். இதை இன்னும் ஏன் கட்டி அழுகிறீர்கள் என்று வீட்டில் கேட்பார்கள். இந்த வருடம் பதில் கிடைத்தது: ஒருவர் தன் தகப்பனார் 1996இல் பாடிய கசெட்டோடு வந்து நின்றார். குரல் நன்றாக இருந்தது, தவில் டிராக் மட்டும் போய்விட்டது. குரலைக் கொம்பியூட்டருக்கு மாற்றி, புதுத் தவில் வாசித்துச் சேர்க்க வேண்டும்.

கொம்பியூட்டர் என்பது ஒரு பென்டியம் 4 பெட்டி. உள்ளே ஆர்எம்ஈ நிறுவனத்தின் ஹாமர்ஃபால் டிஜி 9652 என்ற பிசிஐ கார்ட், அதாவது பெட்டிக்குள் செருகும் ஒலிக் கார்ட். அதில் ஏடாட்டின் முறையிலேயே ஒலியை வாங்கும் மூன்று ஒளியிழை நுழைவுகள் உண்டு. முதலாவதில் ஏடாட், இரண்டாவதில் எட்டு மைக் செருகி, அவற்றின் ஒலியை டிஜிட்டலாக்கும் கன்வேர்ட்டர்.

குரலை மாற்றினால் இடையிடையே படபடவென்று வெடிப்பு. தவிலைப் பதிந்தால் ஒரு ‘டிக்’. ஏடாட்டை அணைத்துவிட்டால் தவிலில் அந்த ‘டிக்’ காணாமல் போய்விடும். ஆகவே ஏடாட்தான் குற்றவாளி என்று நானே தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

காலி வீதியில் ஒரு கொம்பியூட்டர் கடைக்குப் பெட்டியைக் கொண்டுபோனேன். “ஐஆர்க்யூ மோதல், சரி செய்துவிட்டோம்” என்று 4,000 ரூபாய் வாங்கினார்கள். வெடிப்பு நின்றது. வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு நாள்கூட ஆகவில்லை, திரும்ப வந்துவிட்டது. மறுபடி போனபோது, “ஏடாட்டைத் தூக்கிப் போடுங்கோ, புது யுஎஸ்பி இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்குங்கோ” என்றார்கள். விலைப்பட்டியலும் கையோடு வந்தது.

நண்பர் ஒருவர்தான் மருதானை நானாவிடம் அனுப்பினார். எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னாராம், கேபிள் உட்பட. ஏடாட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். நானா பத்து நிமிடம் திருப்புளியைத் தொடவே இல்லை. ஹெட்போனைப் போட்டு, கண்ணை மூடி, விரலால் மேசையில் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “தம்பி, இது ரெண்டு வருத்தம். ஒரே இடைவெளியில வந்தா கடிகாரம். கண்டபாட்டுக்கு வந்தா கொம்பியூட்டர்.”

இருபது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், எனக்கு இது தோன்றவில்லை.

கண்டபாட்டு வெடிப்பை முதலில் எடுத்தார். ஒரு கார்ட் செயலியைத் தட்டிக் கூப்பிடும் வரிதான் ஐஆர்க்யூ. பழைய முறையில் 0 முதல் 15 வரை 16 வரிகள், அவற்றில் நிறைய விசைப்பலகைக்கும் டிஸ்க்குக்கும் போய்விடும். மீதியை மற்றவை பங்குபோட வேண்டும். என் கார்ட், திரைக் கார்டைச் செருகும் ஏஜிபி ஸ்லொட்டுக்குப் பக்கத்தில் இருந்து, திரைக் கார்டோடு ஒரே வரியில் மாட்டியிருந்தது. திரையில் அலைவடிவம் நகர்ந்தபோதெல்லாம் ஒலி காத்திருந்திருக்கிறது. நானா கார்டை மூன்றாவது ஸ்லொட்டுக்கு மாற்றினார். கொம்பியூட்டரின் அடிப்படை அமைப்பான பயோஸில் கொம் போர்ட், பிரிண்டர் போர்ட், போர்டோடு வந்த சவுண்ட் எல்லாவற்றையும் மூடினார். வெடிப்பு நின்றது.

இதுவரை காலி வீதிக்காரரும் செய்திருப்பார்கள். நானா அதன் பிறகு மின் வயரைப் பிடுங்கிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். திரும்பி வந்து இயக்கினால் பயோஸ் தேதி பல வருடம் பின்னால் நிற்கிறது, மூடியதெல்லாம் திறந்து கிடக்கிறது! மின் இல்லாதபோது பயோஸ் அமைப்பைக் காப்பாற்றும் காசு அளவு பேட்டரி, சிஆர்2032, செத்துப்போயிருந்தது. ஒவ்வோர் இரவும் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுப் படுப்பவன் நான். ஒவ்வோர் இரவும் திருத்தத்தை நானே அழித்திருக்கிறேன்.

அடுத்தது ஒழுங்கான ‘டிக்’. ஹாமர்ஃபால் அமைப்புப் பலகையில் ஒவ்வொரு நுழைவுக்கும் ‘லொக்’, ‘சிங்க்’ என்று இரண்டு நிலை காட்டும். இரண்டு நுழைவிலும் ‘லொக்’ என்று பார்த்துத் திருப்தியோடு இருந்தேன். ‘லொக்’ என்றால் சிக்னல் ஒழுங்காக வருகிறது, அவ்வளவுதான். இரண்டும் ஒரே கடிகாரத்தில், அதாவது ஒலியை அளக்கும் ஒரே தாளத்தில், ஓடினால்தான் ‘சிங்க்’. ஏடாட்டும் கன்வேர்ட்டரும் விநாடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியின் ஒவ்வோர் அளவு) என்றுதான் சொல்லும், ஆனால் ஒவ்வொன்றும் தாளம் கொடுக்கும் தன் சொந்தப் படிகத்தைப் பார்த்து. பத்து லட்சத்தில் ஐந்து பங்கு வித்தியாசம் இருந்தாலே நாலு விநாடிக்கு ஒரு சாம்பிள் வழுக்கும். அதுதான் என் ‘டிக்’. ஏடாட்டை அணைத்தால் கார்ட் தானாகக் கன்வேர்ட்டரின் கடிகாரத்துக்கு மாறிவிடும், ‘டிக்’ நின்றுவிடும். பாவம் ஏடாட்.

கன்வேர்ட்டரை வெளிக் கடிகாரத்துக்கு மாற்றினால் போதுமே என்றேன். நானா சிரித்துக்கொண்டு, அந்தக் கடிகார சிக்னலைக் கொண்டுபோகும் வேர்ட் கிளாக் கேபிளை உருவினார். அதன் மேல் பொடியாக ஆர்ஜி-58 என்று எழுதியிருந்தது. பழைய அலுவலக நெட்வொர்க் கேபிள், 50 ஓம். புறக்கோட்டையில் மலிவாகக் கிடைத்தது என்று நான்தான் வாங்கியது. வேர்ட் கிளாக்குக்கு 75 ஓம் வேண்டும். கேபிளைச் செருகும் பிஎன்சி முனை இரண்டு வகையிலும் பார்வைக்கு ஒன்றுதான், பொருந்தியும் விடும். போதாததற்கு, கேபிளைப் பிரிக்கும் ஒரு டி-முனையும் அதன் நுனியில் மாட்டும் 50 ஓம் முடிவுக் குமிழும் வேறு. கன்வேர்ட்டருக்குள் ஏற்கனவே 75 ஓம் இருக்க, இரண்டும் சேர்ந்து சுமை 30 ஓமுக்கு விழுந்து, கடிகார சிக்னல் துவண்டுவிட்டது. கன்வேர்ட்டர் அதைப் பிடிக்க முடியாமல் திணறியபோது நான் உள் கடிகாரத்துக்கு மாற்றி வைத்து மறந்தும்விட்டேன். இப்போது ஏடாட் தலைவர், கார்ட் அதைப் பின்பற்றும், கார்டிலிருந்து 75 ஓம் கேபிள் நேரே கன்வேர்ட்டருக்கு. இரண்டிலும் ‘சிங்க்’.

கூலி 5,500, கேபிள் 850, பேட்டரி 150. மொத்தம் 6,500 ரூபாய், சிகரெட் அட்டையின் பின்புறத்தில் எழுதிய பில்.

குறைகளும் உண்டு. என்ன செய்தார் என்று எழுதித் தர மாட்டார், நீங்கள்தான் குறித்துக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போனால் எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாது. ஏடாட்டின் டேப் ஓடும் பகுதியை, ரப்பர், தலை எதையும், தொட மாட்டார். கேட்டால் “அதுக்கு வேற ஆள் பாருங்க” என்பதோடு சரி. வீட்டுக்கு வந்து பார்க்கக் கேட்டேன், முடியாது என்றுவிட்டார்.

போக விரும்புபவர்கள் கீழே உள்ள தையல் கடையில் ரேடியோ நானா என்று கேட்டால் மாடியைக் காட்டுவார்கள். காலை பத்து மணிக்கு முன்னால் போனால் படியில் உட்கார்ந்திருக்க வேண்டும். கேபிள்களை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், திருப்பி அனுப்பிவிடுவார்.