டெண்டர் ரிஜெக்ட் ஆனால் ஆன்லைன் ஆலோசகரிடம் போகாதீர்கள். எனக்கு 72,000 ரூபாய் போச்சு

ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. இன்னொரு சின்ன காண்ட்ராக்டர் இவர்களிடம் மாட்டக்கூடாது, அதனால் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர் வேலை, இரண்டு கவர் டெண்டர் (தகுதி ஆவணங்கள் ஒரு கவர், விலை இன்னொரு கவர்). டிமாண்ட் டிராஃப்ட் கேட்ட இடத்தில் வங்கியின் பே ஆர்டரை (வங்கியே தரும் செக்) இஎம்டியாக, அதாவது டெண்டருக்கான முன்வைப்புத் தொகையாக வைத்தேன். டெக்னிக்கல் கவரிலேயே தள்ளிவிட்டார்கள். பிரைஸ் கவரைப் பிரிக்கக்கூட இல்லை.

அன்று சாயங்காலமே, டெண்டர் வழக்குகளைப் பார்த்துக் கொடுப்பதாகச் சொல்லும் ஓர் ஆன்லைன் நிறுவனத்துக்குப் போன் போட்டேன். பேசியவர் கனிவாகப் பேசினார். "அண்ணே, 1991-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. போத்தார் ஸ்டீல் கேஸ். டிராஃப்டுக்குப் பதிலா பேங்க் செக் வச்சது செல்லும்னு தீர்ப்பு. உங்க கேஸேதான்" என்றார். ஒரு மணி நேரத்தில், ஐகோர்ட்டில் போடுவதற்கான ரிட் மனுவின் நகல் வாட்ஸ்அப்பில் வந்தது. முதல் பக்கத்தில் என் நிறுவனப் பெயர், கீழே 'மனுதாரர்'. அதைப் பார்த்ததும் முழுசாக நம்பிவிட்டேன். முதலில் 25,000, மறுநாள் 47,000. மொத்தம் 72,000 ரூபாய்.

அப்புறம்தான் அலைக்கழிப்பு. "எஸ்.ஆர். நம்பர் வந்துடுச்சு" (மனு தாக்கலானதும் கோர்ட்டில் தரும் எண்). "ஜூனியர் கூப்பிடுவார்." "நாளைக்கு லிஸ்ட்ல வருது." ஐகோர்ட் மதுரைக் கிளையின் வழக்குப் பட்டியலைத் தினமும் காலையில் திறந்து பார்த்தேன், என் பெயர் வரவே இல்லை. எஸ்.ஆர். நம்பரைக் கேட்டால் "சார் மீட்டிங்ல இருக்கார்" என்று ஒரு பெண் சொல்வார். பதினாறாவது நாள் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "ஆலோசனைக் கட்டணம் திரும்பக் கிடைக்காது" என்று ஒரே வரி. அத்தோடு பிளாக்.

நேற்று மதுரையில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். அவர் முதலில் கேட்டதே, "அப்பீல் போட்டீங்களா?" தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998, பிரிவு 11. உத்தரவு கையில் கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாமாம். அந்த 10 நாளும் இவர்களுடைய "நாளைக்கு, நாளைக்கு"-யிலேயே போய்விட்டது. வேறொருவருக்கு ஒர்க் ஆர்டரும் கொடுத்தாயிற்று. இனிமேல் கோர்ட்டுக்குப் போனாலும் நடக்கிற வேலைக்குத் தடை வாங்குவது கஷ்டம், 2022-லேயே சுப்ரீம் கோர்ட் அதில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது என்றார்.

போத்தார் கேஸைப் பற்றி அவர் சொன்னதைக் கேட்டபோதுதான் வயிறு எரிந்தது. அந்தக் கேஸில் ரயில்வே அதிகாரிகளே அந்தச் செக்கை ஏற்றுக்கொண்டார்கள். அதை எதிர்த்துப் போனவர்தான் தோற்றார். சின்னக் குறையை அதிகாரி விட்டுக்கொடுக்கலாம் என்பதுதான் தீர்ப்பு. விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும் என்று அதில் இல்லை. என் விஷயத்தில் அதிகாரி ஏற்கவே இல்லையே! பாதியை மட்டும் சொல்லி 72,000 ரூபாயை வாங்கிவிட்டார்கள்.

என்ன செய்யணும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. ரிஜெக்ட் லெட்டர் வந்த தேதியை உடனே குறித்து வையுங்கள். முதலில் அப்பீல். எஸ்.ஆர். நம்பர் கையில் வராமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள். வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கும் வக்காலத்திலும் பிரமாணப் பத்திரத்திலும் உங்கள் கையெழுத்தை வாங்காமல் "கேஸ் போட்டாச்சு" என்றால் பொய். என்னிடம் ஒரு கையெழுத்துகூடக் கேட்கவில்லை, அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் செய்து புகார் பதிந்துவிட்டேன். பணம் அனுப்பிய ரசீதுகளை எடுத்துக்கொண்டு நாளைக்கு ஸ்டேஷனுக்கும் போகிறேன்.