மேட்டா, ஃப்ளாட்டா? துடைக்கிற சுவரும் ஒட்டுப்போடுகிற சுவரும்

மூன்று ஆண்டுகளுக்கு முன் வீட்டின் உள்பக்கம் பெயின்ட் அடித்தபோது கூடத்துக்குத் துளியும் மினுங்காத ஃப்ளாட் பெயின்ட் வாங்கினேன், படுக்கையறைக்கும் நடைவழிக்கும் மங்கலாக மினுங்கும் மேட். யோசித்துச் செய்த ஏற்பாடு என்று சொல்ல முடியாது. கூடத்தில் பட்டி பார்த்த வேலை சுமார்தான். மேடுபள்ளம் கண்ணில் படாமலிருக்க ஃப்ளாட் அடித்துவிடலாம் என்றார் பெயின்டர், தலையாட்டினேன். மற்ற இரண்டு இடங்களுக்கும் 'துடைக்கலாம்' என்ற ஒரே சொல்லை நம்பி மேட் வாங்கினேன். இரண்டோடும் குடியிருந்து பார்த்தபின், இன்று யாராவது கேட்டால் ஃப்ளாட் பக்கம்தான் சாய்வேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். சில நிறுவனங்கள் இரண்டு பெயரையும் ஒரே சரக்குக்கு வைக்கின்றன. அதனால் டப்பாவின் முகப்பை விட்டுவிட்டு, நிறுவனம் தரும் தொழில்நுட்பத் தாளில் பளபளப்பு எண்ணைப் பாருங்கள். ஐரோப்பியத் தர விதியான இ.என். 13300, 85 பாகைக் கோணத்தில் அளந்து 10-க்குக் கீழே வந்தால் மேட் என்கிறது. 5-க்கும் கீழே போனால் அதைத் தனியாக 'முழு மேட்' என்று பிரிக்கிறது. இந்தக் கட்டுரையில் நான் ஃப்ளாட் என்பது அந்தக் கடைசி வகையை. 85 பாகை என்றால் ஒளி ஏறக்குறையச் சுவரை உரசிக்கொண்டு போகும் கோணம். கடையில் வண்ண அட்டையை நேருக்கு நேர் பிடித்துப் பார்க்கும்போது இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாதது இதனால்தான். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகச் சுவரோடு சாய்ந்து விழும்போதுதான் குட்டு வெளிப்படும்.

ஃப்ளாட்டில் நிறமியும் சுண்ணத்தூள் போன்ற நிரப்பியும் அதிகம், அவற்றைப் பிடித்து வைக்கும் பசை குறைவு. காய்ந்த படலத்தில் பொடிப்பொடியாகக் காற்று இடைவெளிகள் தங்கிவிடும், மேற்பரப்பும் சொரசொரப்பு. விழுகிற ஒளி நாலாபக்கமும் சிதறுவதால் சுவரின் மேடுபள்ளம் மறைகிறது. அதே இடைவெளிகளில் அழுக்கும் போய் உட்காரும். மேட்டில் பசை கொஞ்சம் கூடுதல், படலம் கொஞ்சம் இறுக்கம், மங்கலாக ஒரு மினுமினுப்பு. ஈரத்துணியால் ஃப்ளாட் சுவரைத் தொட்டுப் பார்த்தால் இது புரியும். இடைவெளிகளில் தண்ணீர் புகுந்து அந்த இடம் கறுத்துப் போகும், காய்ந்ததும் பழையபடி ஆகிவிடும். முதல்முறை பார்த்தபோது சுவரைக் கெடுத்துவிட்டோம் என்றே பயந்தேன்.

கூரைக்கு ஃப்ளாட், அதில் விவாதமே இல்லை. ஈரமும் எண்ணெய்ப்பிசுக்கும் படியும் அறைகளுக்கு இரண்டுமே சரிவராது, மேட்டைவிடக் கூடுதலாக மினுங்கும் சாட்டின் பக்கம் போய்விடுங்கள். மிச்சம் இருப்பது அறைச் சுவர்கள்தான்.

அங்கே எல்லோரும் சொல்வது, 'மேட் வாங்கு, கழுவலாம்' என்பது. பொய்யில்லை. பிள்ளை பென்சிலால் கிறுக்கியதை நடைவழியில் துடைத்தேன், போய்விட்டது. கூடத்தில் துடைத்தபோது பென்சில் போனது, ஆனால் தேய்த்த இடம் உள்ளங்கை அகலத்துக்கு மினுக்க ஆரம்பித்தது. இந்தச் சுற்றில் மேட்டுக்குத்தான் வெற்றி.

ஆனால் மூன்று ஆண்டில் என் சுவர்களுக்கு நேர்ந்தவற்றை எண்ணிப் பார்த்தேன். ஆணி பிடுங்கிய ஓட்டைகள், நாற்காலி முதுகு உரசிய கீறல்கள், கட்டிலை நகர்த்தியபோது பெயர்ந்த ஒரு முனை, மின்கம்பி இழுக்க வெட்டி மூடிய ஒரு கோடு. துடைத்தால் போகிற கறைகள் ஐந்தாறுதான் இருக்கும். ஓட்டையையும் கீறலையும் எந்தத் துணியாலும் துடைக்க முடியாது. பட்டி வைத்து, தேய்த்து, பெயின்ட் தொட்டுத்தான் ஆகவேண்டும். அந்த வேலையில்தான் இரண்டும் அடியோடு வேறு.

கூடத்தில் ஆணி ஓட்டைகளை மூடி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, பெயின்டுக்கு அடியில் பூசும் பிரைமர் ஒரு தொடு, மேலே மிச்சம் வைத்திருந்த பெயின்டைச் சின்ன ரோலரால் உருட்டினேன். காய்கிற நேரத்தைக் கழித்துவிட்டால் மொத்தம் கால் மணிநேரம் இருக்கும். மறுநாள் அந்த இடத்தை எனக்கே தேட வேண்டியிருந்தது. படுக்கையறையில் நாற்காலிக் கீறலுக்கும் இதே வேலை, இதே கவனம். நேரே நின்று பார்த்தால் ஒன்றுமில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு பார்த்தால் சுவரில் தபால்தலை ஒட்டிய மாதிரி ஒரு சதுரம்! நிறம் ஒன்றுதான், மினுமினுப்புதான் ஒட்டவில்லை. புது பெயின்ட் உட்கார்ந்த பரப்பு வேறு, அதன் கனம் வேறு, அதனால் சாய்ந்த ஒளியை அது திருப்பி அனுப்புவதும் வேறு. ஃப்ளாட்டில் திருப்பி அனுப்பப் பெரிதாக ஒன்றுமே இல்லாததால் ஒட்டு தெரிவதில்லை. இரண்டு முறை தொட்டுப் பார்த்துச் சலித்து, கடைசியில் மூலையிலிருந்து மூலை வரை அந்தச் சுவர் முழுவதையும் அடித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

ஃப்ளாட்டிலும் ஒட்டு தானாக மறைந்துவிடாது, இரண்டு மூன்று விஷயம் சரியாக அமையவேண்டும். பட்டி வைத்த இடத்துக்குப் பிரைமர் கட்டாயம், இல்லாவிட்டால் அது பெயின்டை உறிஞ்சித் தனித் திட்டாக நிற்கும். முதலில் எதால் அடித்தோமோ அதாலேயே தொடவேண்டும். ரோலர் உருட்டிய சுவரில் பிரஷ் வைத்தால் கோடு தெரியும். ஓரத்தை மெல்ல மெல்லக் கரைத்துவிடவேண்டும். எல்லாவற்றையும்விட, பழைய பெயின்டே கையில் இருக்கவேண்டும். வேலை தொடங்கும் முன்பே எல்லா டப்பாவையும் ஒரே வாளியில் கொட்டிக் கலக்கிவிடுங்கள். முடிந்ததும் மிச்சத்தைச் சின்னக் கண்ணாடிப் புட்டியில் விளிம்புவரை நிரப்பி மூடி, அறையின் பெயரையும் நிற எண்ணையும் தேதியையும் எழுதி ஒட்டுங்கள். பெரிய டப்பாவில் அடியில் கொஞ்சமாக விட்டுவைத்தால், உள்ளே இருக்கும் காற்றே அதைக் காயவைத்துவிடும்.

என் சுவர்கள் ஒன்றைத் தவிர எல்லாம் வெளிர் நிறம், வயதும் மூன்றுதான். அதை மனதில் வைத்துக்கொண்டே இதைப் படிக்கவேண்டும். ஜன்னலை ஒட்டி இந்த ஆண்டு தொட்ட ஒரு இடம் சற்றே புதிதாகத் தெரிகிறது. சுற்றிலும் வெளுத்திருக்கிறது, ஆகவே காலம் போகப்போக இந்தச் சாதகம் குறையும் என்றே நினைக்கிறேன். அடர் நிறத்தில் ஒரே ஒரு சுவர் அடித்தேன், அதுவும் ஃப்ளாட். நகம் பட்டாலே வெள்ளைக் கோடு விழுகிறது. அடர்நீலமும் கரும்பச்சையும் பிடித்தவர்கள் என் பேச்சைக் கேட்கவேண்டாம்.

தலை சாய்க்கிற இடம், சுவிட்சைச் சுற்றி, மாடிப்படிச் சுவர், குறுகலான நடைவழி ஆகிய இடங்களில் நாள்தோறும் கை படும், அங்கே மேட்தான். என் நடைவழியை மாற்றும் எண்ணம் இல்லை. இதற்கு நடுவே ஒரு வழியும் உண்டு. அதே இ.என். 13300 தேய்ப்புத் தாங்கும் திறனை 1 முதல் 5 வரை வகுக்கிறது. 200 முறை தேய்த்தும் 5 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவாகத் தேய்ந்தால் முதல் வகுப்பு. முழு மேட்டாக இருந்தும் முதல் வகுப்பில் நிற்கிற பெயின்ட்கள் இப்போது வருகின்றன. விலை கூடும், ஆனால் தாளில் இரண்டு எண்ணும் சேர்ந்து வந்தால் யோசிக்கலாம்.

முடிவெடுக்கும் முன் ஒரு பலகையில் பாதி மேட், பாதி ஃப்ளாட் அடித்து ஒரு வாரம் காயவிடுங்கள். இரண்டிலும் ஒரு கீறல் போட்டு, பட்டி வைத்து, தொட்டு முடியுங்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பலகையோடு ஒட்டிப் பிடித்து ஓரத்திலிருந்து பாருங்கள்.